மைனஸ் அறுநூற்று நாற்பத்திரண்டு

புளியரை சோதனைச் சாவடி.
ஆரியங்காவுப் பக்கமிருந்து சாரல்
சாய்வாக எல்லை தாண்டுகிறது.
அதற்கு ரசீது கிடையாது.

கேரளத்தில் மீன்பிடித் தடை முடிந்த முதல் வாரம்.
நீண்டகரையில் ஏற்றிய மத்தி,
மத்தியின் மேல் ஐஸ், ஐஸின் மேல் தார்ப்பாய்,
எல்லாவற்றுக்கும் மேல் என் மென்பொருளின் தீர்ப்பு:
சந்தேகம். வண்டியை நிறுத்துக.

உதுமான் கனி போனில் எழுப்பினார்.
"மேடம், வண்டி வரதுக்கு முன்னாடியே
கேட்டு தொறந்துட்டாம். ஒங்க கம்ப்யூட்டரு சொல்லுது.
எனக்கு விளங்கல."

எனக்கும்தான்.
செங்கோட்டையிலிருந்து நனைந்துகொண்டே ஸ்கூட்டியில் வந்து
பதிவேட்டைத் திறந்தேன்.

கேமரா சொன்னது:
இரண்டு மணி, பதினான்கு நிமிடம், ஏழு விநாடி,
கூடவே அறுநூற்று நாற்பத்திரண்டு மில்லி விநாடி.
கம்பம் சொன்னது:
இரண்டு, பதினான்கு, ஏழு.
அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

கழித்துப் பார்த்த கணினி
இல்லாத காலத்தில் கதவு திறந்ததாக முடிவு கட்டி
மனிதர்களைக் கூப்பிட்டிருந்தது.

நேரம் என்றொரு வகுப்பு.
நான் எழுதியதுதான், போன கோடையில்,
இரண்டு மின்வெட்டுக்கு நடுவே.
சாவடியின் ஒவ்வொரு நிகழ்வுக்கும்
அதிலிருந்து ஒரு பொருள் பிறக்கும்.
பிறந்தபின் யாரும் தொட்டு மாற்றக்கூடாதென்று
உள்ளே பூட்டி வைத்திருந்தேன்.
பூட்டில் பழுதில்லை.
பூட்டுவதற்கு முன்பே, வாசலிலேயே,
பொருளின் வால் நறுக்கப்பட்டிருந்தது.
விநாடியை வாங்கும் இடத்தில்
முழு எண் என்று எழுதியிருக்கிறேன்.
பெயர்தான் முழு எண்.

கம்பம் உண்மையில் திறந்தது
ஏழு புள்ளி ஒன்பது எட்டு ஒன்றில்.
லாரி வந்து, கொட்டாவி விடக்கூட நேரம் ஆகாமல்.

"சேச்சி, எத்ர நேரம் ஆகும்?"
டிரைவர் ஷிபின். தலையில் பாலிதீன் பை.
பத்து நிமிஷம் என்றேன்.
பத்து நிமிஷம் என்பது எங்கள் தொழிலில்
அளவு அல்ல, மரியாதை.

"அஞ்சு மணி கழிஞ்சா தென்காசிக்காரன்
கிலோவுக்கு நாப்பது குறைப்பான்."
நாலு ஐம்பத்தொன்பதுக்கு ஒரு விலை, ஐந்துக்கு ஒரு விலை.
அந்த வியாபாரியை எனக்குத் தெரியும் போலிருந்தது.
அவனும் வாசலில் நறுக்குகிறவன்.

லாரியின் அடியில் ஐஸ் தண்ணீர்
சொட்டிக்கொண்டே இருந்தது.
இரண்டு சொட்டு ஒன்றாய் விழுந்ததை நான் பார்க்கவில்லை.

வாசலை அகலமாக்கினேன்.
நானோ விநாடி வரை எதுவும் உதிராமல் உள்ளே போக.
நீயும் நானும் ஒன்றா, யார் முந்தி
என்று பொருள்கள் தங்களுக்குள் கேட்கும்
இரண்டு கேள்விகளையும் திருத்தினேன்.
பழைய பதிவுகளில் வால் போனது போனதுதான்.
அங்கே சைபர் போடாமல்
தெரியாது என்று எழுத ஓர் இடம் வைத்தேன்.
இதற்குத்தான் அதிக நேரம் ஆனது.
சைபர் ஓர் எண்.
தெரியாது என்பதை
எந்தக் கணக்கும் கேட்காமல் ஏற்றுக்கொள்வதில்லை.

சேமித்தேன். அனுப்பினேன்.
கம்பம் உயர்ந்தது.
ஷிபின் கையசைத்தானா, கண்ணாடியைத் துடைத்தானா,
மழையில் தெரியவில்லை.
உதுமான் கனி டீ வாங்கி வந்தார்.

டீ பாதியில் நினைவு வந்தது:
காலை பஸ்ஸை விடக்கூடாதென்று
என் மடிக்கணினியின் கடிகாரத்தை
நான்கு நிமிடம் முந்தி வைத்திருக்கிறேன்.

திருத்தம் சேர்ந்த நேரம்: மூன்று ஐம்பத்து நான்கு.
லாரி போன நேரம்: மூன்று ஐம்பத்திரண்டு.
பதிவின்படி,
நான் சரிசெய்வதற்கு இரண்டு நிமிடம் முன்பே
அவன் போய்விட்டான்.

திங்கட்கிழமை ஆடிட்டர் கேட்பார்.
அதற்குள் மத்தியெல்லாம் குழம்பாகியிருக்கும்.